ஆஃப்சைடா, ஓரவஞ்சனையா?

கால்பந்தில், தன் அணிக்காரர் பந்தை உதைக்கும் நொடியில் பந்தையும் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரரையும் தாண்டி கோல் பக்கம் நிற்கும் ஃபார்வர்டு (முன்வரிசை ஆட்டக்காரர்) ஆஃப்சைடு. மைதானத்தின் ஓரக்கோட்டில் ஓடும் துணை நடுவரான லைன்ஸ்மேன் அதற்குக் கொடி காட்டுவார். காரைக்குடி அணியும் தேவகோட்டை அணியும் மோதும்போது ஆஃப்சைடு கொடி உயர்ந்தால், கயிற்றுக்கு வெளியே நிற்பவர்களில் பாதிப் பேர் “லைன்ஸ்மேனை விலைக்கு வாங்கிட்டாய்ங்க” என்பார்கள். அப்படிச் சொல்பவர் எங்கே நின்று பார்த்தார் என்று முதலில் கேட்க வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டு வளவில் இதைச் சோதிக்கலாம். தூண் வரிசைக்கு நேராக நின்றால் முதல் தூண் மற்றவற்றை மறைத்துவிடும். ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால், பின்தூண்கள் ஒவ்வொன்றாக இடப்பக்கம் எட்டிப்பார்க்கும். நகர்ந்தது நம் கண் மட்டும்தான்.

மைதானத்திலும் இதே கணக்குதான். கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேராகவே லைன்ஸ்மேன் ஓட வேண்டும். ஓரக்கோட்டிலிருந்து தடுப்பாட்டக்காரர் 34 மீட்டர் தள்ளியும், எதிரணி ஃபார்வர்டு அவருக்கும் அப்பால் 10 மீட்டரிலும், கோல்கோட்டுக்குச் சம தூரத்தில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லைன்ஸ்மேன் கோல் பக்கமாக 1 மீட்டர் முந்திவிட்டால், ஃபார்வர்டு சுமார் 29 சென்டிமீட்டர் ஆஃப்சைடில் இருப்பதாகத் தெரியும், கொடி உயரும். அதே ஃபார்வர்டு தடுப்பாட்டக்காரருக்கு 10 மீட்டர் இப்பால், லைன்ஸ்மேன் பக்கமாக ஓடினால், உண்மையான 29 சென்டிமீட்டர் ஆஃப்சைடு சமமாகத் தெரியும். ஒரே பிழை, ஓடும் பக்கத்தைப் பொறுத்து இரு அணிக்கும் மாறி மாறி வாய்க்கிறது.

நடுக்கோட்டுப் பக்கமாக 10 மீட்டர் தள்ளி நிற்கும் ரசிகருக்கோ பிழை பத்து மடங்கு, அதுவும் எதிர்த்திசையில்! அப்பால் ஓடும் ஃபார்வர்டு 2.9 மீட்டர் ஆஃப்சைடில் இருந்தாலும் அவர் கண்ணுக்குச் சமம்தான்.

நேரமும் சேர்ந்துகொள்ளும். பந்தை உதைத்த காலிலிருந்து தடுப்பு வரிசைக்குப் பார்வையைத் திருப்ப 0.1 நொடி ஆனாலும், ஃபார்வர்டு நொடிக்கு 7 மீட்டரும் தடுப்பாட்டக்காரர் எதிர்த்திசையில் 3 மீட்டரும் ஓடினால், இடைவெளி 1 மீட்டர் மாறிவிடும்.

சரியான இடத்தில் நின்றாலும் மனம் சாயும். 1951-இல் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழகங்கள் ஆடிய அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் படத்தை இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். டார்ட்மவுத் அணி செய்த ஃபவுல்களாக அதன் மாணவர்கள் எண்ணியதைப் போல இரு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள்.

அதற்காக ரசிகரின் சந்தேகம் முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. 2002-இல் வெளியான ஆய்வில் 40 நடுவர்கள் 47 மோதல்களை வீடியோவில் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். கூட்டத்தின் இரைச்சலோடு பார்த்தவர்கள், ஒலியில்லாமல் பார்த்தவர்களைவிட உள்ளூர் அணிமீது 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். காசு கைமாறவே வேண்டாம். நாம் போடும் கூச்சலே போதும். 2020-இல் காலி மைதானங்களில் ஆடியபோது, வெளியூர் அணிகள் கூடுதலாக வாங்கிவந்த மஞ்சள் அட்டைகள் குறைந்தன.

நடுவர் ஓரவஞ்சனை செய்தாரா என்று சோதிக்க விரும்பினால், ஒலியை அடைத்துவிட்டு, இரு ஊரையும் சாராதவர்களிடம் வீடியோவைக் காட்டுங்கள். நமக்குச் சாதகமான தவறான விசில்களையும் எழுதுங்கள். ஃபவுல் எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது. பந்து கிடைக்காத அணிதான் பறிக்கப் போய் அதிகம் மோதும். ஸ்லோமோஷனில் மோதல் வேண்டுமென்றே செய்ததுபோலத் தெரியும். அதனால் கால் எங்கே பட்டது என்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தி, மோதலின் வேகத்தை இயல்பான ஓட்டத்திலேயே பார்க்க வேண்டும். வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் வி.ஏ.ஆர். நடைமுறையும் இதையே சொல்கிறது.