சிப்ரோவை மோர் குடித்து விழுங்கலாமா?

சிறுநீர்க் கடுப்புக்கோ வயிற்றுப்போக்குக்கோ சிப்ரோஃப்ளாக்சசின் (சுருக்கமாக சிப்ரோ) என்ற ஆன்டிபயாட்டிக் 500 மி.கி. எழுதிக் கொடுத்தால், வயிறு எரியாமலிருக்க ஒரு டம்ளர் மோருடன் விழுங்குகிறவர்கள் ஏராளம். பாலிலும் மோரிலும் உள்ள கால்சியம் மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சேரும் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். சாப்பாட்டில் கொஞ்சம் தயிர் இருந்தால் பாதகமில்லை. தண்ணீருக்குப் பதிலாக மோரைக் குடிப்பதுதான் தப்பு. ஓஆர்எஸ் தாராளமாகக் குடிக்கலாம்.

அலுமினியம், மெக்னீசியம் கலந்த அசிடிட்டி சிரப் இன்னும் மோசம். மருந்தின் பெரும்பகுதியைக் கெடுத்துவிடும். இரும்பு, கால்சியம், துத்தநாக மாத்திரைகளும் இதே ரகம். சிப்ரோவை முதலில் போட்டால் 2 மணி நேரம் கழித்து இவை. இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டால் சிப்ரோவுக்கு 6 மணி நேர இடைவெளி வேண்டும். அசிடிட்டி மாத்திரையான பான்டப்ரசோலுக்கு இந்தக் கணக்கு கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் டிசானிடின் என்ற மருந்து. கழுத்துவலி, முதுகுவலி மாத்திரைகளில் வலிநிவாரணியோடு கலந்தே வருவதால், அட்டையின் பின்புறத்தைப் படித்தால்தான் தெரியும். அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை சிப்ரோ தடுத்துவிடுகிறது. ரத்தத்தில் டிசானிடின் பத்து மடங்கு வரை ஏறி, பிரஷர் இறங்கி, ஆள் சுருண்டு விழலாம். நேர இடைவெளி விட்டும் சேர்க்கக் கூடாது. வீசிங்குக்கான தியோஃபிலினும் இதே வழியில் ஏறும்: படபடப்பு, வாந்தி, சிலருக்கு வலிப்பு. சிப்ரோ சாப்பிடும் நாட்களில் காபி குடித்தால் தூக்கம் வராததும் இதனால்தான்.

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கு, அதுவும் பேதியால் சாப்பாடு இறங்காத நாளில், சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வியர்த்துக் கை நடுங்கினால் உடனே குளுக்கோஸ் கொடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறைவதை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத்தளர்ச்சி நோயோ, பெருந்தமனி வீக்கமோ, வலிப்போ இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; வேறு மருந்து தருவார். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

அறுபது தாண்டியவர், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் என்றால் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைக் கவனியுங்கள். அங்கே வலியோ வீக்கமோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தைலம் தேய்த்துவிட்டு நடக்க வேண்டாம். மருந்து முடிந்து சில மாதங்கள் ஆன பிறகும் அது அறுந்ததுண்டு.