காலுக்கு மட்டும் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடாதீங்க

சிபி இருக்கற பிள்ளைக்கு, அதாங்க மூளை முடக்குவாதம், நடைதான் பிரச்சனைன்னு சொந்தக்காரங்கள்லேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நினைக்கறாங்க. பாதிச்சது மூளை. கவனம் நிக்காம போறது, சொன்னது மனசுல தங்காம போறது, கணக்கு ஏறாம போறது எல்லாம் கூடவே வரலாம். அது ஊனச் சர்டிபிகேட்ல ஏறலேன்னா கவர்மெண்டுக்கு அப்படி ஒண்ணு இல்லவே இல்ல.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை ஊனம் இருக்கு. சிபி, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு எல்லாம் உண்டு, ஏடிஎச்டியோ (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கறது) வலிப்போ தனிப்பேர்ல கிடையாது. அதனால வெறும் ஏடிஎச்டின்னு எழுதின சீட்டோட க்யூல நிக்காதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க. சட்டம் இவ்ளோ போதும்.

கொருக்குப்பேட்டைல ஒரு அம்மா சர்டிபிகேட் காட்டினாங்க, ரெண்டு கால், 45 சதவீதம், அவ்ளோதான். பொண்ணு ஆறாவது. போர்டுல ரெண்டு வார்த்தை பாத்துட்டு நோட்டுக்கு குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள எங்க விட்டோம்னு தெரியாம மறுபடி முதல் வரிலேருந்து தேடுது. எலும்பு டாக்டர் கால பாத்தார், கால எழுதினார். பக்கத்து ரூம்ல இருக்கற சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்பணும்னு ஒருத்தருக்கும் தோணல, அந்தம்மா வாய்விட்டு கேட்டதுக்கு "அதுக்கு வேற நாள்மா"ன்னுட்டாங்க.

இதுல போறது காசு. தமிழ்நாடு அரசு குடுக்கற மாசம் 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகைக்கு கை கால் ஊனம்னா 75 சதவீதம் வேணும், அறிவுசார் குறைபாடுன்னா 40 போதும். சரி ரெண்டையும் சேத்துக்கலாமேன்னா 45ம் 40ம் 85 ஆகாது, அவங்க ஃபார்முலாப்படி 65தான் வரும், அந்த 65 மட்டும் கண்ணுல பட்டா கவுண்டர்ல 75 இல்லன்னு தள்ளிடுவாங்க. அதனால எந்த ஊனம் எத்தனை சதவீதம்னு தனித்தனியா எழுத சொல்லுங்க, எழுதற வரைக்கும் நகராதீங்க. யூடிஐடி, அதான் ஊனத்துக்கான அடையாள அட்டை, அப்ளை பண்றப்பவும் ப்ரௌசிங் சென்டர் தம்பி அவசரத்துல ஒரே வகைய போட்டுடுவார், பக்கத்துலயே நின்னு பாருங்க.

சைக்காலஜிஸ்ட் வைக்கற ஐக்யூ டெஸ்டுக்கு முந்தின ராத்திரி ஃபிட்ஸ் வந்திருந்தாலோ அன்னிக்கு மாத்திரைல தூங்கி வழிஞ்சாலோ வேற தேதி கேளுங்க. ஸ்கூல் நோட்ட கையோட கொண்டு போங்க, அதுல பாதில நிக்கற வரிங்க உங்களவிட நல்லா பேசும். ஐக்யூ 70க்கு கீழ வந்தா அறிவுசார் குறைபாடு பக்கம் போகலாம், 2018ல வந்த விதில 85க்கு மேல இருந்தாதான் கற்றல் குறைபாடு டெஸ்ட், அதுவும் 8 வயசு ஆகியிருக்கணும்னு இருந்துச்சு. நடுவுல மாட்டறதுங்கள என்ன பண்றதுன்னு விதி எழுதினவங்க யோசிக்கவே இல்ல. அப்படி வந்தா சிபியயே பிடிச்சுக்கோங்க, கவனக்குறைவையும் எழுத்து வேகத்தையும் ரிப்போர்ட்ல வரி வரியா எழுதி வாங்குங்க.

பப்ளிக் எக்ஸாமுக்கு அது உதவும். கூடுதல் ஒரு மணி நேரம், எழுதறதுக்கு ஆள், இதெல்லாம் ஸ்கூல் வழியாதான் கேக்கணும். "40 இல்லாம ஸ்க்ரைப் கிடையாது"ன்னு சொன்னா, 2021 பிப்ரவரில விகாஷ் குமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னத எடுத்து காட்டுங்க. எழுதறப்ப கை இழுத்துக்கற நரம்பு பிரச்சனை அவருக்கு, 40 சதவீதம் கட்டாயம் இல்லன்னுட்டாங்க. பத்தாவது பாதில ஓடாதீங்க, ஒன்பதாவதுலயே லெட்டர் குடுங்க. லெட்டர் டிராயர்லயே தூங்கும், ஜெராக்ஸ்ல சீலும் தேதியும் போட்டு வாங்கிட்டுதான் கேட்ட தாண்டணும்.