கோவேறு கழுதைக் குட்டிக்குத் தாயின் சீம்பால் ஏன் சில நேரம் ஆகாது?

கேதார்நாத் போய்வந்த வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கௌரிகுண்டிலிருந்து ஏறும்போது முழங்கால் வலி தாங்காமல் ஒரு 'கச்சர்' எடுத்துக்கொண்டாராம். கச்சர் என்றால் இந்தியில் கோவேறு கழுதை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்த பையனிடம் "இது எத்தனை குட்டி போட்டிருக்கு?" என்று பேச்சுக் கொடுத்திருக்கிறார். "இது குட்டியே போடாது சாப்" என்றானாம். "அப்படியானால் இத்தனை கச்சர்கள் எங்கிருந்து வருகின்றன? குதிரையையும் கழுதையையும் ஒரே கொட்டிலில் கட்டிப்போட்டால் போதுமா?" என்பது அவர் கேள்வி.

போதாது. இது நிறையப் பொறுமை கேட்கும் வேலை. அதிலும் குட்டி பிறந்த முதல் நாளில் நடக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

கோவேறு கழுதை தமிழர்களுக்குப் புதிதல்ல. பழைய பாடல்களில் இதற்கு அத்திரி என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குப் புறப்படும்போது மாதவி வண்டியில் ஏறுகிறாள், கோவலன் அத்திரியில் ஏறுகிறான். சுமை தூக்கும் விலங்கு என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். அன்றைக்கு அது ஒரு பெரிய வணிகர் வீட்டுப் பிள்ளையின் சவாரி.

அடிப்படை எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். அப்பன் ஆண் கழுதை, அம்மா பெண் குதிரை. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62, குட்டிக்கு 63. உடம்பு வளர இது தடையில்லை. செல் பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் பிரதி எடுத்துக்கொண்டால் போதும். விந்தோ முட்டையோ உருவாகும்போதுதான் அப்பன் வழி வந்ததும் அம்மா வழி வந்ததும் ஜோடி சேர்ந்து நிற்க வேண்டும். அங்கே ஜோடி பொருந்துவதில்லை, வேலை நின்றுவிடுகிறது. பெண் கோவேறு கழுதை குட்டி போட்ட நிகழ்வுகள் மிக அரிதாக உறுதி செய்யப்பட்டிருக்கின்றன. மற்றபடி ஒவ்வொரு கோவேறு கழுதையும் ஒரு குதிரையின் வயிற்றிலிருந்து புதிதாக வந்தாக வேண்டும்.

சவாரிக்கென்றே பார்த்துப் பார்த்து இவற்றை உருவாக்குகிறவர்கள் அமெரிக்காவில் அதிகம். மிசூரி மாநிலம் 1995-ல் கோவேறு கழுதையைத் தன் மாநில விலங்காகவே அறிவித்தது. அவர்கள் முதலில் பார்ப்பது தாயைத்தான். காதும் குளம்பும் குரலும் அப்பன் பக்கம் சாயும். உடல்வாகும் நடையும் பெரும்பாலும் அம்மா கொடுப்பது. குலுங்காமல் நடக்கும் குதிரை இனங்கள் சில உண்டு. அந்த இனத்துப் பெட்டையைச் சினைக்கு விட்டால், நாள் முழுக்க உட்கார்ந்து போனாலும் இடுப்பு வலிக்காத ஒரு கோவேறு கழுதை கிடைக்க வாய்ப்பு அதிகம். "ஓடாத, கடிக்கிற குதிரைதானே, கழுதைக்காவது விடுவோம்" என்று ஆரம்பிப்பவர்களுக்கு அதே குணத்தோடு நீளக் காதும் சேர்ந்த குட்டிதான் கிடைக்கும்.

அப்புறம் பொலிகழுதை. அமெரிக்காவில் மாமத் என்ற பெரிய இனம் இதற்கென்றே உருவானது. அதன் வேர்களில் ஒன்று ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையில் இருக்கிறது. 1785-ல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் சார்லஸ் அவருக்கு இரண்டு ஆண் கழுதைகளை அனுப்பினார். ஒன்று கடலிலேயே இறந்துபோனது. பிழைத்து வந்ததற்கு 'ராயல் கிஃப்ட்' என்று பெயர் வைத்தார்கள். வந்த புதிதில் அது பெண் குதிரைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று வாஷிங்டன் கடிதங்களில் எழுதியிருக்கிறார். காரணம் இன்று எல்லா வளர்ப்பாளருக்கும் தெரியும். கழுதைகளோடு மட்டுமே வளர்ந்த ஆண் கழுதைக்குக் குதிரை தன் இனமாகத் தோன்றாது. அதனால் பொலிக்கு விடப்போகும் கழுதையைப் பால்குடி மறந்ததும் குதிரைக் குட்டிகளோடு சேர்த்து வளர்க்கிறார்கள். உயரம் இன்னொரு சிக்கல். பெட்டைக் குதிரையை ஆழமில்லாத ஒரு பள்ளத்தில் நிறுத்திக்கொள்வார்கள், கழுதை மேட்டில் நிற்கும்.

சரி, சினை பிடித்தாயிற்று. குதிரைக்குச் சினைக்காலம் சுமார் 11 மாதம், கழுதைக்கு 12. இந்தக் குட்டி இரண்டுக்கும் நடுவில் பிறக்கும். ஒரு மணி நேரத்துக்குள் தள்ளாடி எழுந்து நின்று, மடியைத் தேடிக் கண்டுபிடித்துக் குடிக்கும். நான் சொல்ல நினைத்தது இங்கேதான் தொடங்குகிறது.

மனிதக் கருவுக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகவே தாயிடமிருந்து வந்து சேர்ந்துவிடும். குதிரைக்கு அப்படியில்லை. தாயின் ரத்தத்துக்கும் குட்டியின் ரத்தத்துக்கும் நடுவே நிற்கும் சவ்வடுக்குகள் அதிகம், எதிர்ப்புப் புரதங்கள் அவற்றைத் தாண்டுவதில்லை. குட்டி அநேகமாக வெறுங்கையோடுதான் பிறக்கிறது. தாய் அந்தப் பாதுகாப்பு முழுவதையும் சீம்பாலில் திரட்டி வைத்திருக்கிறது. குட்டியின் குடலும் அதற்கேற்ற மாதிரி பிறந்த சில மணி நேரம் திறந்தே கிடக்கும். பெரிய புரதங்களைச் செரிக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விடும். சுமார் 24 மணி நேரத்தில் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். கன்று ஈன்ற வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சீம்பால் தெரியும். மஞ்சளாக, கெட்டியாக, அடுப்பில் வைத்ததும் திரண்டுவிடும். எங்கள் பாட்டி வெல்லமும் ஏலக்காயும் போட்டு அதை வேகவைத்துத் துண்டு போட்டுக் கொடுப்பார். கன்று குடித்த மிச்சம்தான் மனிதருக்கு என்பதில் மட்டும் பாட்டி கண்டிப்பு.

இப்போது கோவேறு கழுதைக்கு வருவோம். கழுதையின் சிவப்பணுக்கள் மேல் ஒரு அடையாளப் பொருள் இருக்கிறது. கழுதைக் காரணி என்பார்கள். எந்தக் குதிரைக்கும் அது கிடையாது. அப்பன் வழியாக அது குட்டிக்கு வந்துவிடும். ஆக, கோவேறு கழுதையைச் சுமக்கும் ஒவ்வொரு குதிரையும் தன் ரத்தத்துக்கு அந்நியமான ரத்தம் உள்ள குட்டியைத்தான் சுமக்கிறது. மனிதரில் ஆர்எச் நெகட்டிவ் தாய், ஆர்எச் பாசிட்டிவ் குழந்தை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே கதை. முதல் பிரசவத்தில் குட்டியின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்தால், தாயின் உடம்பு அந்தக் கழுதை அடையாளத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கோவேறு குட்டி உண்டாகும்போது அதற்கு எதிரான புரதங்கள் தயாராக இருக்கும்.

மனிதரில் அந்தப் புரதங்கள் கருவிலேயே குழந்தையைத் தாக்கும். குதிரையில் நடுச்சுவரைத் தாண்ட முடியாது. அதனால் குட்டி கொழுகொழுவென்று, ஒரு குறையுமில்லாமல் பிறக்கும். எழுந்து நிற்கும். சீம்பாலைக் குடிக்கும். அந்தச் சீம்பாலில் நோய்களுக்கு எதிரான நூறு புரதங்களோடு அதன் சிவப்பணுக்களுக்கே எதிரான புரதமும் சேர்ந்தே இருக்கிறது. திறந்து கிடக்கும் குடல் இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்காது, உள்ளே விட்டுவிடும். சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் குட்டி சோர்ந்து படுக்கும். ஈறு வெளுத்து, பிறகு மஞ்சளாகும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். சிறுநீர் சிவந்து போகும். கவனிக்காவிட்டால் இறந்துவிடும். சாதாரணக் குதிரைக் குட்டிகளில் இது நூற்றில் ஒன்றிரண்டு. கோவேறு குட்டிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று.

விவரம் தெரிந்த வளர்ப்பாளர் என்ன செய்வார் தெரியுமா? குட்டி மடியைத் தொடுவதற்கு முன்பே தொப்புள்கொடியிலிருந்தோ கழுத்திலிருந்தோ கொஞ்சம் ரத்தம் எடுப்பார். தாயின் சீம்பாலை உப்புநீரில் பல மடங்கு நீர்த்து, அதில் அந்த ரத்தத்தை ஒரு சொட்டு விடுவார். குழாயைச் சுழற்றிவிட்டுச் சாய்த்துப் பார்த்தால் போதும். ரத்தம் ஒழுகி வழிந்தால் ஆபத்தில்லை, குட்டி குடிக்கலாம். அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பால் ஆகாது. உடனே குட்டிக்கு வாய்க்கூடை. தாயை ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை கறந்து கொட்ட வேண்டும். கழுதையோடு என்றைக்கும் சேராத வேறொரு குதிரையின் சீம்பாலை உறையவைத்து வைத்திருப்பார்கள், அதை இளஞ்சூடாக்கிப் புட்டியில் கொடுப்பார்கள். ஒன்றரை நாள் கழித்துக் கூடையை அவிழ்த்துவிட்டால் குட்டி அதே தாயிடம் தாராளமாகக் குடிக்கும். குடல் கதவு அதற்குள் சாத்தியாயிற்று.

இதில் என்னை அசர வைத்தது வேறொன்று. தெரியாமல் குடித்துவிட்டது, குட்டி சாகக் கிடக்கிறது, ரத்தம் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யாருடைய ரத்தம்? அப்பனுடையதை ஏற்றினால் உள்ளே இருக்கும் எதிர்ப்புப் புரதம் அதையும் அழித்துவிடும். அந்தக் கழுதை அடையாளமே இல்லாத சிவப்பணுக்கள் வேண்டும். பக்கத்திலேயே நிற்கிறது தாய்! தாயின் ரத்தத்தை எடுத்து, எதிர்ப்புப் புரதம் கலந்த நீர்ப்பகுதியை உப்புநீரில் கழுவி நீக்கிவிட்டு, வெறும் சிவப்பணுக்களை மட்டும் ஏற்றுகிறார்கள். எந்தத் தாயின் பால் குட்டியைச் சாய்த்ததோ, அதே தாயின் ரத்தம் அதை எழுப்பி நிறுத்துகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் மனிதக் குழந்தைக்குச் சீம்பால் கொடுக்கத் தயங்கிவிடக் கூடாது. இன்றைக்கும் சில வீடுகளில் முதல் பால் கெட்ட பால் என்று பீய்ச்சிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கிறார்கள். எங்கள் குடும்பத்திலேயே நடந்திருக்கிறது, எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. மேலே சொன்னது கழுதைக்கும் குதிரைக்கும் பிறந்த குட்டியின் சிக்கல். மனிதக் குழந்தையின் முதல் தடுப்பு மருந்தே சீம்பால்தான். அதைக் கொட்டிவிட்டு, தெருவில் வரும் கழுதைப்பாலைச் சங்கில் வாங்கிப் பச்சையாகப் புகட்டினால் காமாலை அண்டாது என்பது வெறும் மூடநம்பிக்கை. காய்ச்சாத பால் பச்சைக் குழந்தைக்கு நோயைத்தான் கொடுக்கும்.

குட்டி பிழைத்து ஓடியாடத் தொடங்கியதும் பதிவு. குதிரைப் பதிவேடு என்பது அடுத்த தலைமுறைக்காக எழுதப்படுவது. இன்னாரின் மகன் இன்னார், இவனுக்குப் பிறக்கப்போவது இன்னது என்று போகும். கோவேறு கழுதைக்கு அடுத்த தலைமுறை கிடையாது. ஆகவே 1967-ல் தொடங்கிய அமெரிக்கக் கழுதை–கோவேறு கழுதைச் சங்கம் போன்றவை வைத்திருக்கும் பதிவு, அந்த ஒரு விலங்கின் அடையாள அட்டை மாதிரி. உயரம், நிறம், உடம்பிலுள்ள குறிகள், புகைப்படங்கள், தெரிந்தால் தாய் தந்தை. வாரிசு இல்லாத இந்தக் குறையைத் தாண்ட ஒரு முயற்சியும் நடந்தது. 2003 மே 4-ம் தேதி அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் 'ஐடஹோ ஜெம்' என்ற ஆண் கோவேறு கழுதை குளோனிங் முறையில் பிறந்தது. குதிரையினத்தில் உலகின் முதல் குளோன் அதுதான், குளோன் குதிரை அதற்குச் சில வாரம் கழித்துத்தான் பிறந்தது. பந்தயத்தில் புகழ்பெற்ற ஒரு கோவேறு கழுதையின் உடன்பிறப்பினுடைய செல்லிலிருந்து அதை உருவாக்கினார்கள், பந்தயப் பிரியர் ஒருவர் செலவுக்குக் கைகொடுத்தார்.

அந்த ஆராய்ச்சியை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நம் நாட்டில் ஹரியானாவின் ஹிசாரில் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கேதார்நாத்தில் மனிதரையும், செங்கல் சூளையில் கல்லையும் சுமக்கிற விலங்குகளுக்கு நோய் வந்தால் மாதிரிகள் அங்கேதான் போகின்றன. ஒரு சொட்டு ரத்தமும் உப்புநீரும் போதுமான இந்தச் சோதனையை ஒவ்வொரு மலை மாவட்டக் கால்நடை மருந்தகத்திலும் வழக்கமாக்க எவ்வளவு பணம் ஆகிவிடும்? உழைக்கும் விலங்குக்குச் செலவழிப்பது அதை நம்பியிருக்கும் ஏழைக் குடும்பத்துக்குச் செலவழிப்பது.

பழக்குவது பற்றிக் கொஞ்சம். ஆண் குட்டியைக் காயடித்துவிடுவார்கள். மலடாக இருந்தாலும் முரட்டுத்தனம் வரும். தலைக்கயிறு போட்டு நடத்துவது, குளம்பைத் தூக்கிக் காட்டச் செய்வது எல்லாம் பால்குடிக்கும் வயதிலேயே தொடங்கும். முதுகில் ஏற அவசரப்படாமல் 3, 4 வயதுவரை காத்திருப்பது நல்லது. பயந்தால் குதிரை ஓடும், கழுதை நின்று யோசிக்கும். கோவேறு கழுதைக்கு அந்த நிற்கும் குணம் நிறைய வந்திருக்கிறது. அதைத்தான் பிடிவாதம் என்கிறோம். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போக அதையே நம்புகிறார்கள், ஏனென்றால் கால் வைக்க இடமில்லாத இடத்தில் அது கால் வைக்காது. அடித்தால் நினைவில் வைத்துக்கொள்ளும். சேணமும் தனியாகப் பார்த்து வாங்க வேண்டும். தோள்மேடு தட்டையாக இருப்பதால் இறக்கத்தில் சேணம் கழுத்தை நோக்கிச் சறுக்கும். அதனால் வாலுக்கு அடியில் ஒரு வார் கொடுத்துப் பின்பக்கம் இழுத்துக் கட்டுவார்கள்.

எல்லாக் கோவேறு கழுதையும் ஒரு குதிரையிடம் பால் குடித்து வளர்ந்ததுதானே? பெண் குதிரை மேல் அவற்றுக்குள்ள ஒட்டுதல் வயதானாலும் போவதில்லை. அமெரிக்க மலைகளில் சுமைக்காரர்கள் ஒரு பெட்டைக் குதிரையின் கழுத்தில் மணி கட்டி முன்னால் விடுவார்கள். பின்னால் வரும் பத்துப் பதினைந்து கோவேறு கழுதைகளுக்கு அந்த மணிச்சத்தமே வழி. இரவில் கூடாரம் அடித்ததும் குதிரையை மட்டும் ஒரு மரத்தில் கட்டுவார்கள். மற்றவற்றை அவிழ்த்துவிட்டுவிடலாம். விடிய விடிய அங்குமிங்கும் மேய்ந்தாலும், காலையில் எல்லாம் அந்த மணியைச் சுற்றித்தான் நின்றுகொண்டிருக்கும்.