நல்ல துரு, கெட்ட துரு

குளச்சல், முட்டம் பக்கம் கடலோரமாக வீடு கட்டியவர்களுக்கு ஜன்னல் கம்பியின் ஆயுள் தெரியும். பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சரி, ராக்கெட் எஞ்சினில் ஆயிரம் டிகிரி செல்சியஸில் பழுக்கும் உலோகத்துக்கு எதை அடிப்பது?

நியோபியம் 2,477 டிகிரியில்தான் உருகும், மாலிப்டினம் 2,623-ல். இவ்வளவு தாங்குகிறவை காற்றுபட்டுச் சூடானால் பரிதாபம். நியோபியத்தின் ஆக்ஸைடு, அதாவது அதன் துரு, தான் தின்ற உலோகத்தைவிட இரண்டரை மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் போதாமல் வெடித்து உதிரும். அடியிலிருக்கும் உலோகமும் காற்றுக்கு இரையாகும். மாலிப்டினம் இன்னும் மோசம். அதன் ஆக்ஸைடு 800 டிகிரியை ஒட்டி உருகி, ஆவியாகப் பறந்தே போய்விடும்.

இந்தச் சூட்டில் துருவை அடியோடு நிறுத்த வழியில்லை. ஆனால் எந்தத் துரு பிடிக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். சிலிக்கான் தூள், அலுமினா (அலுமினியத்தின் ஆக்ஸைடு) தூள், கொஞ்சம் ஃபுளோரைடு உப்பு கலந்து, அதற்குள் பாகத்தைப் புதைத்து, காற்றுப் புகாத பெட்டியில் மணிக்கணக்கில் சுடுவார்கள். உப்பிலிருந்து எழும் ஆவி சிலிக்கானைச் சுமந்துபோய் உலோகத்தின் மேல் இறக்கும். அது உள்ளே ஊடுருவி, உலோகத்தோடு சேர்ந்து சிலிசைடாக மாறும். பின்னர் எஞ்சினில் சூடேறும்போது அதன் மேல் சிலிக்கா, அதாவது கண்ணாடி, படரும். விரிசல் விழுந்தால் கண்ணாடி இளகி அடைத்துக்கொள்ளும். இந்தச் சுயவைத்தியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

வேடிக்கை என்னவென்றால், 1,500 டிகிரியில் ஜம்மென்று நிற்கும் மாலிப்டினம் சிலிசைடு, 400–600 டிகிரியில் பொடிப்பொடியாக உதிரக்கூடும். அந்த மிதமான சூட்டில் கண்ணாடி முழுசாக மூடுவதற்குள் மாலிப்டினமும் ஆக்ஸைடாகிவிடும்.

ஆரல்வாய்மொழிக்கு அப்பால், மாவட்ட எல்லையைத் தாண்டினால், இஸ்ரோ தன் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சினில், சூடான வாயு பீறிடும் நாசிலின் விரிந்த பகுதி நியோபியம் கலவையால் ஆனது. அதற்கு மாற்றாக, கார்பன் இழையால் வலுவூட்டிய கார்பனில் செய்த கார்பன்-கார்பன் நாசிலை இஸ்ரோ 2024-ல் அங்கே சோதித்தது. அதன் மேல் சிலிக்கான் கார்பைடு பூச்சு. சூட்டில் அந்தப் பூச்சின் மேலும் சிலிக்கா படரும்; அங்கேயும் காவல் அதே கண்ணாடிதான்.

விமான எஞ்சின் பிளேடுகளின் கதை வேறு. அவற்றின் மேல் பூசுவது சிர்கோனியா என்ற பீங்கான். அதற்கு மூலமான சிர்கான் தாது நம் மணவாளக்குறிச்சி மணலிலும் உண்டு. ஆக்ஸிஜனைத் தடுப்பது இந்தச் சிர்கோனியா என்றே பலரும் நினைப்பார்கள். உண்மையில் அது சூட்டை மட்டும்தான் மறிக்கும், ஆக்ஸிஜனைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும். நிஜக் காவலாளி, அதற்கடியில் அலுமினியம் கலந்த பூச்சின் மேல் வளரும், சில மைக்ரான் தடிமனுள்ள அலுமினாப் படலம். அதுவும் அளவு மீறி வளர்ந்தால், மேலிருக்கும் சிர்கோனியாவையே உரித்துத் தள்ளிவிடும்.