கறுப்புத் துணி விரித்த கணக்கு மேசை

வங்கியில் நீட்டும் தாளும் செக். எதிராளியின் அரசனைத் தாக்கும்போது சொல்வதும் செக். கட்டம் போட்ட சட்டையும் செக். எழுதியதைச் சரிபார்ப்பதும் ‘செக்’ பண்ணுவதுதான். நான்கும் வெவ்வேறு சொற்கள் ஒரே ஒலியில் தற்செயலாக ஒன்றுபட்டவை போலத் தோன்றும். உண்மையில் நான்கும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்தக் கிளைகள் பிரிந்ததும் பெரும்பாலும் இங்கிலாந்தில்தான்.

வேர் பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் ‘ஷா’ என்ற சொல். நால்வகைப் படையின் பெயரால் இந்தியாவில் சதுரங்கம் எனப்பட்ட ஆட்டம் பாரசீகத்திற்கும், அங்கிருந்து அரபு நாடுகளுக்கும் சென்றது. அரசனுக்கு ஆபத்து வரும்போது ‘ஷா’ என்று எச்சரிப்பது ஆட்டத்தின் மரபாயிற்று. அவன் தப்ப வழியில்லாமல் போனால் ‘ஷா மாத்’. அரபியில் ‘மாத’ என்றால் இறந்தான் என்பதால், அரசன் இறந்தான் என்றே பலர் இதற்குப் பொருள் சொல்வதுண்டு. பாரசீக வழக்கின்படி, அரசன் செய்வதறியாது நின்றான் என்பதே பொருத்தம். ஆட்டத்திலும் அரசன் வெட்டப்படுவதில்லை அல்லவா?

ஐரோப்பியர் வாயில் இந்த ‘ஷா’ இலத்தீன் வடிவம் பெற்று ‘ஸ்காக்’ என்றானது. பழைய பிரெஞ்சு பேசியோருக்கு ‘ஸ்’ என்ற ஒலியோடு வேறொரு மெய் சேர்ந்து சொல் தொடங்குவது இயல்பாக வரவில்லை. நம் ஊரில் ஸ்கூல் ‘இஸ்கூல்’ ஆவதைப் போல, அவர்களும் முன்னால் ஓர் உயிரொலியைச் சேர்த்து ‘எஸ்செக்’ என்றார்கள். அதன் பன்மையான ‘எஸ்செஸ்’ ஆட்டத்திற்கே பெயராயிற்று. இங்கிலாந்தில் முன்னொலி உதிர்ந்தபின், ஒருமை ‘செக்’ ஆகவும் பன்மை ‘செஸ்’ ஆகவும் நின்றன. ஆகவே செஸ் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால், அதில் அரசர்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள்.

ஆட்டப்பலகைக்குப் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்கியே’ என்று பெயர், இலத்தீனில் ‘ஸ்காக்காரியம்’. இந்தப் பலகையின் பெயர், இங்கிலாந்து மன்னரின் வருவாய்க் கணக்கைப் பார்த்த ‘எக்ஸ்செக்கர்’ என்ற அரசாங்க அலுவலகத்தின் மேல் எப்படி ஏறியது என்பதுதான் இக்கதையின் சுவையான பகுதி. அதை நமக்கு விளக்குபவர் அந்த அலுவலகத்திலேயே கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல். 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் ஹென்றி மன்னரின் 23ஆம் ஆட்சியாண்டில், தேம்ஸ் ஆற்றங்கரைக் கோபுரம் ஒன்றின் சாளரத்தருகே அமர்ந்திருந்தபோது, தொழில் நுணுக்கங்களை எழுதிவைக்கும்படி ஒருவர் வற்புறுத்தியதாகச் சொல்லி அவர் தம் நூலைத் தொடங்குகிறார். ஆசிரியரும் மாணவனும் உரையாடும் வடிவில், இலத்தீனில் எழுதப்பட்ட நூல் அது.

அவர் வருணிக்கும் மேசை ஏறத்தாழ 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உடையது. மேலே வைப்பவை கீழே விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயரத்தில் விளிம்பு இருக்கும். அதன்மேல் ஒவ்வோர் ஈஸ்டர் அமர்வின்போதும் புதிதாக வாங்கிய கறுப்புத் துணியை விரிப்பார்கள். ஓர் அடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் அதில் கோடுகள் ஓடும். மாவட்டம்தோறும் மன்னருக்குரிய வருவாயைத் தண்டும் ஷெரிப் என்ற அதிகாரி, ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டரிலும் மைக்கேல்மஸ் திருநாளிலும், இந்த மேசைக்கு வந்து கணக்கு ஒப்பிக்க வேண்டும்.

துணி எதற்கு? அன்று ஏடுகளில் எழுதப்பட்டவை ரோமானிய எண்கள். அவற்றை எழுதிவைக்கலாம், அவற்றைக் கொண்டு கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. துணியின் பத்திகள் அந்தக் குறையைத் தீர்த்தன. வலக்கோடியில் பென்னி, அடுத்து ஷில்லிங், பிறகு பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மதிப்பு உண்டு. பத்தியில் வைக்கும் வட்டு அந்த மதிப்பைப் பெறும். அன்று 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒரு ஷெரிப் செலுத்த வேண்டியது 125 பவுண்டு 8 ஷில்லிங் 4 பென்னி, அவர் கொண்டுவந்தது 83 பவுண்டு 15 ஷில்லிங் 10 பென்னி என்று வைத்துக்கொள்வோம். முதல் தொகைக்கான வட்டுகளை மேல்வரிசையிலும் இரண்டாவதற்கானவற்றைக் கீழ்வரிசையிலும் அடுக்கிக் கழிக்கும்போது, 4 பென்னியிலிருந்து 10 பென்னி போகாது. உடனே ஒரு ஷில்லிங் வட்டை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக 12 வட்டுகளைப் பென்னிப் பத்தியில் வைத்தால் 16 ஆகும். 10 போக மிஞ்சுவது 6. இப்படியே நகர்ந்தால், இருபதின் பத்தியில் 2, பவுண்டில் 1, ஷில்லிங்கில் 12, பென்னியில் 6, அதாவது 41 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்னி பாக்கி என்பது எழுதப் படிக்கத் தெரியாதவரும் காணும்படி மேசையில் கிடக்கும். நூறின் பத்தி வெறுமையாக இருக்கும். பூச்சியத்துக்கென்று குறியீடு இல்லாமலே பூச்சியம் தன் வேலையைச் செய்துவிட்டது.

இந்த மேசைக்கு ஏன் சதுரங்கப் பலகையின் பெயர் என்று மாணவன் கேட்கிறான். வடிவ ஒற்றுமையைத் தவிர இதைவிட உண்மையான காரணம் இப்போதைக்குத் தோன்றவில்லை என்கிறார் ஆசிரியர். பிறகு இன்னொன்றையும் சேர்க்கிறார்: பலகையில் இரண்டு அரசர்களுக்கிடையே போர் நடப்பதைப் போல, இங்கே கருவூலத் தலைவருக்கும் ஷெரிப்புக்கும் இடையே போர் நடக்கிறது, மற்றவர்கள் நடுவர்களாக அமர்ந்து பார்க்கிறார்கள். வட்டுகள் நகர நகரத் தன் பாக்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஷெரிப்புக்கு இந்த ஒப்புமை மிகையாகப் பட்டிருக்காது.

பலகையின் பெயர் மேசைக்கும், மேசையின் பெயர் அங்கே அமர்ந்த அவைக்கும், அவையின் பெயர் முழுத் துறைக்கும் ஏறியது. பிற்கால எழுத்தர்கள் ‘எஸ்’ என்ற அந்த முன்னொலியை இலத்தீன் ‘எக்ஸ்’ என்பதன் சிதைவு என்று தவறாக எண்ணித் திருத்தியதால் ‘எக்ஸ்செக்கர்’ பிறந்தது. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் ‘எக்ஸ்செக்கரின் சான்சலர்’தான். கட்டமிட்ட துணியும் இதே பலகையிலிருந்து பெயர் பெற்றது.

ஆட்டத்தில் எழுந்த கூவல் வேறு வழியே போயிற்று. அரசனுக்கு ‘செக்’ வைத்தால் மற்ற திட்டங்களையெல்லாம் அப்படியே நிறுத்திவிட்டு அவனைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் அச்சொல் திடீர்த் தடையையும் பின்னடைவையும் குறித்தது. வேட்டைப் பறவை தான் துரத்திய இரையை விட்டுவிட்டு வேறொன்றின்மேல் பாய்ந்தால் அதையும் ‘செக்’ என்றார்கள். தடை என்பது அடக்குதல் ஆனது; அடக்குதல் கட்டுப்படுத்துதல் ஆனது; கட்டுப்படுத்த ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்ததால், 17ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் சரிபார்த்தல் என்ற பொருள் நிலைபெற்றது. நாம் நாள்தோறும் ‘செக்’ பண்ணுவது, வரிசையில் கடைசியாக வந்த இந்தப் பொருளில்தான்.

வங்கித் தாளில் இரண்டு வழிகளும் சந்திக்கின்றன. ஃபிட்ஸ்நீலின் நூலின்படி, எக்ஸ்செக்கர் என்ற பெயருக்கு முன் அந்த அலுவலகத்தைக் குச்சிகளின் பெயரால் அழைத்தார்கள். கட்டிய பணத்துக்கு அங்கே ரசீது, ஒரு மரக்குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைத் தடிமனிலும், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒன்றுக்கு முற்றிய வாற்கோதுமை மணி அளவிலும் அதில் வெட்டுவார்கள். பிறகு வெட்டுகள் இருபுறமும் விழும்படி குச்சியை நெடுக்காகப் பிளந்து, ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொள்வார்கள். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் எந்த மோசடியும் வெளிப்பட்டுவிடும். அலுவலகத்தில் தங்கிய பாதிக்கு இலை என்று பொருள்படும் ‘ஃபாயில்’ என்ற பெயர் வழங்கியது; ‘கவுண்டர்ஃபாயில்’ என்றும் சொன்னார்கள்.

18ஆம் நூற்றாண்டில் வங்கிகள் இதே உத்தியைத் தாளில் செய்தன. போலியைத் தடுக்கப் பிடித்துவைத்த அடிக்கட்டைக்கே முதலில் ‘செக்’ என்று பெயர். சரிபார்க்க உதவியது அதுதான். பெயர் மெல்ல நகர்ந்து, கிழித்துக் கொடுக்கும் தாளின்மேல் உட்கார்ந்தது. எக்ஸ்செக்கரின் (exchequer) எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பிரிட்டனில் அதன் எழுத்து check என்பதிலிருந்து cheque என மாறியது. அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள். குச்சிமுறை 1826 வரை நீடித்தது. எஞ்சிக் கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த உலைகளில் போட்டு எரித்தபோது தீ கட்டுமீறியது. நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி அன்றிரவே எரிந்துபோயிற்று.