விபத்து முடிந்தும் விலகாத பயம்: இலவச சிகிச்சை உங்கள் உரிமை

தொப்பூர் கணவாயில் விபத்தில் சிக்கித் தப்பியவருக்குக் கால் கட்டு பிரித்தாகிவிட்டது. ஆனாலும் பிரேக் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது, ராத்திரி அதே காட்சி கனவில் வருகிறது, பஸ் ஏற மறுக்கிறார், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கம் யானையிடம் மாட்டிப் பிழைத்தவர்களுக்கும், வீட்டில் அடி உதை பட்ட பெண்களுக்கும் இப்படி வரலாம்.

'பயந்திருக்கிறான்' என்று மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். கட்டட்டும். ஆனால் ஒரு மாதம் தாண்டியும் பயம் விலகாமல் வேலையும் குடும்பமும் கெட்டால், டாக்டரையும் பார்த்தே ஆக வேண்டும். இது பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கலாம்.

சாலை விபத்தில் அடிபட்ட உடம்புக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பலருக்கும் தெரியும். மனசுக்கும் சட்டம் இருப்பது அவ்வளவாகத் தெரியவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18ஆம் பிரிவில், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் மனநல சிகிச்சை பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவரிடம் அதற்கான அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் ஒரு பைசா வாங்கக் கூடாது. 'ஊருக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராதே' என்று தயங்குகிறவர்களுக்கு 23ஆம் பிரிவு இருக்கிறது: நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை.

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. ஓ.பி. சீட்டு போடும்போது மனநலப் பிரிவு என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். நடந்ததையும் தூக்கம் கெட்டதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

இதற்கு முக்கிய மருந்து பேச்சு சிகிச்சைதான். பயிற்சி பெற்றவர் துணையோடு, அந்த நினைவை மெல்ல மெல்ல எதிர்கொள்ளப் பழக்குவார்கள். சிலருக்கு செர்ட்ராலின் போன்ற மாத்திரை தருவார்கள். பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும், நடுவில் தானாக நிறுத்தக் கூடாது. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதும், குடித்து மறப்பதும் நிலைமையை மோசமாக்கும். வீட்டார் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 'என்ன நடந்தது, சொல்லு' என்று திரும்பத் திரும்பக் கிளறாதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு உடனே போக முடியாவிட்டால் டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே கூப்பிடுங்கள், தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் இருக்கிறது.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு. மன நோய் என்பதற்காகவே மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுங்கள்.