போர்டைத் தரம் பிரிக்கிறோம், தரப்படுத்தவில்லை

போன மாதம் சென்னைக்கு வெளியே ஒரு மறுசுழற்சிக் கூடத்துக்குப் போயிருந்தேன். பழைய கணினிகளைக் கழட்டி, உள்ளே இருக்கும் போர்டுகளை, அதாவது மின்னணுப் பாகங்கள் பொருத்திய பலகைகளை, பிரித்து எடை போடும் இடம். சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: 'போர்டுகளைத் தரப்படுத்திய பிறகே எடை போடவும்.' அதற்குக் கீழே, வேலைக்குச் சேர்ந்து நாலு நாளே ஆன ஒரு தம்பி ஒரு மதர்போர்டை மடியில் வைத்துக்கொண்டு பிரஷ்ஷால் தூசு தட்டிக்கொண்டிருந்தார். என்ன தம்பி செய்யறீங்க என்று கேட்டேன். "தரப்படுத்தச் சொல்லி எழுதியிருக்குண்ணே" என்றார்.

அவர் மேல் பிழையே இல்லை. சுத்தப்படுத்து என்றால் சுத்தமாக்கு, வலுப்படுத்து என்றால் வலுவாக்கு. அப்படியானால் தரப்படுத்து என்றால் தரமாக்கு என்றுதானே அர்த்தம்? அந்தக் காது தமிழைச் சரியாகக் கேட்டிருக்கிறது. எழுதினவர்தான் தவறாக எழுதிவிட்டார். பயிற்சிக் கையேடு, துண்டறிக்கை, விளக்கப்படம் என்று 'கிரேடிங்' (தரவாரியாகப் பிரிப்பதற்கான ஆங்கிலச் சொல்) வருகிற இடமெல்லாம் 'தரப்படுத்தல்' என்று போட்டிருப்பதைப் பல தடவை பார்த்துப் பேசாமல் இருந்தேன். அந்தப் பிரஷ்ஷைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடலாம். ஒரு கணினிக்குள் கிடைக்கும் போர்டுகள் எல்லாம் ஒரே விலைக்குப் போவதில்லை. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் பழுப்புப் போர்டு, காகிதத்தில் பிசின் ஏற்றிச் செய்தது. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் செம்புத் தடம், மேலே கனமான டிரான்ஸ்பார்மர், அலுமினியத் தகடு. அதில் தங்கம் இருக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். அது கடைசித் தரம். மதர்போர்டு கண்ணாடி இழையில் செய்தது; உள்ளே அடுக்கடுக்காகச் செம்பு, செருகுவாய் ஊசிகளில் மெல்லிய தங்கப் பூச்சு. அது நடுத்தரம். ரேம் என்னும் நினைவகப் போர்டின் விளிம்பில் வரிசையாக மின்னும் தங்கப் பற்களும், சர்வர்களிலிருந்தும் தொலைபேசி இணைப்பகங்களிலிருந்தும் வரும் போர்டுகளும் மேல் தரம். 1995இல் வந்த பென்டியம் புரோ செயலி போன்ற பீங்கான் சில்லு கிடைத்தால் அதற்குத் தனி டப்பாவே உண்டு. பச்சை நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பச்சை என்பது மேலே பூசிய காப்புப் பூச்சின் நிறம், அவ்வளவுதான்.

இந்தப் பிரிப்பில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. கோலார் தங்கச் சுரங்கத்தை 2001இல் மூடினார்கள். அந்தக் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கம்தான் கிடைத்தது. நல்ல போர்டு ஒரு டன்னில் நூறு கிராமுக்கு மேலும் இருக்கும். ஆனால் ஒரு மூட்டை மதர்போர்டில் பத்து பழுப்புப் போர்டு கலந்துவிட்டால், வாங்குபவர் மூட்டை முழுவதையும் கீழ்த்தர விலைக்கே கேட்பார். அலுமினியமும் இரும்பும் செம்பு உருக்கும் உலையில் கசடாகப் போய்விடும் என்பதால் அவற்றையும் முன்பே கழட்டியாக வேண்டும். பொத்தான் போன்ற லித்தியம் பேட்டரியை விட்டுவைத்தால் தீப்பிடிக்கலாம். இதையெல்லாம் எடுத்த பிறகு நடப்பது ஒன்றுதான்: கண்ணால் பார்த்து, கையால் கனம் உணர்ந்து, அந்தந்தக் குவியலில் போடுவது. போர்டின் தரத்தை யாரும் கூட்டுவதுமில்லை, மாற்றுவதுமில்லை. ஏற்கெனவே இருக்கும் தரத்தைக் கண்டுபிடித்துப் பிரிக்கிறார்கள்.

சொல்லின் வரலாறு சுருக்கமாக. ஆங்கிலத்தின் கிரேடு, படி என்று பொருள்படும் இலத்தீன் 'கிராடுஸ்' என்பதிலிருந்து வந்தது. நம் 'தரம்' என்பதை வடமொழி ஒப்பீட்டு விகுதியோடு சேர்ப்பவர்களும் உண்டு, 'தா' என்னும் வேரோடு சேர்ப்பவர்களும் உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது சொல் எப்படிப் புழங்கியது என்பதுதான். சோழர் கல்வெட்டுகளில் விளைநிலத்தைத் தரம் தரமாக வகுத்து வரி விதித்திருக்கிறார்கள். தரம் இடப்படாத நிலத்துக்குத் 'தரமிலி' என்று பெயர். இன்றைக்கும் கிராமத்தின் நிலக் கணக்கான அ-பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், தீர்வைக்கான கட்டத்தோடு 'மண் தரம்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஓர் எண் இருக்கும். ஆக, ஒரு பொருள் எந்தப் படியில் நிற்கிறது, அதனால் அதற்கு என்ன விலை அல்லது வரி என்பதைச் சொல்லத் தமிழில் தரம் ஆயிரம் ஆண்டாக இருக்கிறது. அதோடு சேர வேண்டிய வினை எது என்பது மட்டும்தான் கேள்வி.

'படுத்து' சேரக் கூடாது. ஏனென்றால் 'தரப்படுத்தல்' வேறொரு வேலைக்கு ஏற்கெனவே அமர்ந்துவிட்ட சொல். ஆளுக்கொரு அளவில் இருப்பதை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது தரப்படுத்தல். எந்தக் கடையில் வாங்கிய பிளக்கும் எந்த வீட்டுச் சுவரிலும் பொருந்துகிறதே, அதற்குக் காரணம் தரப்படுத்தல். இந்திய தர நிர்ணய அமைவனம் செய்வது அந்த வேலை. கிரேடிங் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. தரப்படுத்தல் பலவற்றை ஒன்றாக்கும். கிரேடிங் ஒரு குவியலைப் பலவாக்கும்.

இலங்கைத் தமிழர்களிடம் இந்தச் சொல்லைக் கவனமில்லாமல் நீட்டவே கூடாது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மதிப்பெண்களை மொழிவாரியாகச் சரிக்கட்டும் முறை வந்தபோது, அதன் பெயர் தரப்படுத்தல். எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அதில் போயிற்று. ஒரு தலைமுறையின் காயம் அந்தச் சொல்லில் இருக்கிறது. அதே இலங்கையில் பள்ளி வகுப்பைத் தரம் 5, தரம் 10 என்கிறார்கள். கிரேடு என்பதற்குத் தரம் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது பாருங்கள்! பிள்ளையின் வகுப்பைத் தரம் என்பவர்கள் தரப்படுத்தலை அதோடு குழப்பிக்கொள்வதில்லை. நாம் மட்டும் ஏன் குழப்புகிறோம்?

'வழக்கில் வந்துவிட்டது, விடுங்கள்' என்று ஒரு மொழிபெயர்ப்பாள நண்பர் சொன்னார். அவருக்கு ஒரு வாக்கியம் கொடுத்தேன். ஒருவர் முதல் தரம் என்று ஒதுக்குவதை இன்னொருவர் இரண்டாம் தரம் என்று விலை பேசுகிறார். ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு கணக்கு. ஆகவே 'போர்டுகளைத் தரம் பிரிக்கும் முறையைத் தரப்படுத்த வேண்டும்.' இது இந்தத் தொழிலில் உண்மையாகவே சொல்ல வேண்டிய வாக்கியம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் 'தரப்படுத்தலைத் தரப்படுத்த வேண்டும்' என்று வரும். அதை யார் புரிந்துகொள்வார்கள்?

அப்புறம் அவர் வேறு காரணம் சொன்னார்: 'தரம் பிரித்தல்' இரண்டு சொல்லாக இருக்கிறது, கலைச்சொல் மாதிரி இல்லையாம். களை எடுத்தல், நாற்று நடுதல், நெல் அவித்தல் எல்லாமே இரண்டு சொல்தான். தமிழில் தொழிலின் பெயர் அப்படித்தான் அமையும். நான் புதிதாக எதையும் உண்டாக்கவும் இல்லை. மஞ்சளுக்கும் மிளகாய்க்கும் வேளாண் கையேடுகள் 'தரம் பிரித்தல்' என்றுதான் எழுதுகின்றன. ஈரோட்டில் விரலி வேறு, கிழங்கு வேறு என்று பிரிப்பதும், நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்று ஒதுக்குவதும் இதே வேலை. விளைபொருளுக்கு இருந்த சொல், போர்டு என்று வந்ததும் ஏன் மறந்துபோக வேண்டும்?

தனித்தமிழ் என்று நான் அடம்பிடிக்கவில்லை. தொழிலில் இருப்பவர்கள் போர்டு என்கிறார்கள், நானும் போர்டு என்றே எழுதுகிறேன். சுற்றுப் பலகை என்று எழுதினாலும் சந்தோஷம். எனக்கு வேண்டியது தெளிவு. ஒரு கையேட்டில் 'போர்டுகளை வரிசைப்படுத்தவும்' என்று பார்த்தேன். கணினிப் பாடத்தில் எண்களை ஏறுவரிசையில் அடுக்குவதற்கு ஆன சொல்லைத் தூக்கி இங்கே போட்டிருக்கிறார்கள். படித்தவர் போர்டுகளை வரிசையாக அடுக்கத்தானே செய்வார்? 'தரவரிசைப்படுத்தல்' அதைவிடத் தூரம். அது முதலிடம், இரண்டாமிடம் என்று ஆட்டக்காரர்களுக்குச் சொல்வது. இங்கே ஒரு மூட்டைக்குள் இருக்கும் இருநூறு போர்டுக்கும் ஒரே தரம். இந்தப் பழைய கணினிப் பொருள்களை 'மின்கழிவு' என்பதும் உறுத்துகிறது. மின் வேறு, மின்னணு வேறு. மேலும், தரம் பிரித்த பிறகு எதற்கும் ஆகாமல் மிஞ்சுவதுதானே கழிவு? காயலான் கடைக்காரர் யாரும் விலைக்கு வாங்கும் பொருளைக் கழிவு என்று சொல்வதில்லை, சரக்கு என்றுதான் சொல்கிறார்.

எழுதுகிறவர்கள் ஒரே ஒரு நாள் அந்தக் கூடத்தில் போய் நின்றிருந்தால் இத்தனை தவறும் வந்திருக்காது. அகராதியில் கிரேடுக்கு நேராக என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள், கை என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. கை பிரிக்கிறது. வினை அங்கேயே இருக்கிறது.

ஆகவே வேலைக்குத் தரம் பிரித்தல், செய்பவருக்குத் தரம் பிரிப்பவர், முதலில் நடக்கும் மேலோட்டமான பிரிப்புக்கு வகை பிரித்தல் என்று எழுதலாம். எல்லாம் கலந்து, இன்னும் பிரிக்காமல் வாசலில் கிடக்கும் மூட்டைக்குக் கல்வெட்டிலிருந்து தரமிலி என்ற சொல்லை எடுக்கலாமா என்று யோசித்தேன். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைய காதுக்கு அது தரமற்றது என்று கேட்கும், அந்தத் தம்பி மூட்டையையே குப்பையில் போட்டுவிடுவார். அதற்குப் 'பிரிக்காத சரக்கு' போதும்.